எண்ணிய காசும் நிறுத்த பொன்னும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அந்தக் கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை வெட்டி, மேலே தூக்கி, மாவாக அரைத்தால் தேறிய தங்கம் ஏறத்தாழ 3 கிராம். 3 கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பாறையின் சூட்டிலும் பாறை வெடிப்பின் அச்சத்திலும் ஆட்கள் இறங்கி வேலை செய்து கிடைத்த வரும்படி அது.

சீனத்தின் சோங் அரசர்கள் 11ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட சாதாரண வெண்கலக் காசு ஒன்றின் எடையும் ஏறத்தாழ 3 கிராம்தான். எடை ஒன்றாக இருந்தாலும் அவை பிறந்த விதம் வேறு. கோலாரில் 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்ததிலிருந்து 120 ஆண்டுகளில் எடுத்த மொத்தத் தங்கம் சுமார் 800 டன். சோங் அரசு 1080ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 506 கோடி வெண்கலக் காசுகளை வார்த்தது. 3 கிராம் என்று வைத்துக்கொண்டாலே அது 15,000 டன்னைத் தாண்டுகிறது.

பொன்னை நிறுத்துப் பார்த்து மதிப்பிட்ட நாடு ஒன்று. காசை எண்ணிப் பார்த்து மதிப்பிட்ட நாடு மற்றொன்று. இந்த இரண்டும் கடல் வழியாகச் சந்தித்த கதைதான் இந்த அத்தியாயம்.

தஞ்சை மண்ணில் சீனக் காசு

பட்டுக்கோட்டை வட்டத்தில் விக்ரமம், ஒலயகுன்னம். மன்னார்குடி வட்டத்தில் தளிக்கோட்டை. இந்த மூன்று ஊர்களிலும் புதையலாகக் கிடைத்த சீனக் காசுகள் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவை சோங் காலத்தவை. மிகப் பழையது கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வகை; மிகப் பிந்தியவை 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வருகின்றன. இலங்கையில் யாப்பஹுவக் கோட்டையில் எச்.சி.பி. பெல் நடத்திய அகழாய்விலும், 2014இல் கொல்லம் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது அள்ளிய சேற்றிலும் சீனக் காசுகள் குவியலாக வந்தன.

ஆயிரத்து நானூறு ஆண்டு இடைவெளி உள்ள காசுகள் ஒரே புதையலில் எப்படி? சீனத்தில் அரசர் மாறினாலும் பழைய காசு செல்லாமல் போகவில்லை. எடையும் அளவும் ஒத்துப்போனால் ஹான் காலத்துக் காசும் சோங் காலத்துச் சந்தையில் ஓடியது. இதை மறந்தால் காலக்கணக்கு தவறிப்போகும். கர்நாடகத்தில் சித்திரதுர்கா அருகே சந்திரவள்ளியில் கிடைத்த ஒரு சீனக் காசை வைத்து, கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே மைசூர்ப் பகுதிக்கும் சீனத்துக்கும் வணிகம் நடந்ததாக எழுதியவர்கள் உண்டு. தனிக் காசு ஒன்று அவ்வளவு சுமையைத் தாங்காது. புதையலின் வயதைச் சொல்வது அதில் உள்ள மிகப் புதிய காசுதான். அதற்கு முன்னால் அந்தப் புதையலைப் புதைத்திருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி.

அந்தக் கணக்குப்படி பார்த்தால், தஞ்சைப் புதையல்கள் சோழர் ஆட்சியின் கடைசிப் பத்தாண்டுகளுக்கு வந்து சேர்கின்றன. அந்தக் காலத்துத் தொடர்புக்கு வேறு சான்றுகளும் உண்டு. சீனக் கடலோடி வாங் தாயுவான் 1349இல் எழுதிய நூல், 1267இல் கட்டி முடித்ததாகச் சீன எழுத்து பொறித்த செங்கல் கோபுரம் ஒன்றைக் குறிப்பிடுகிறது. 1867இல் இடித்துத் தள்ளப்பட்ட நாகப்பட்டினத்துச் சீனக் கோபுரமே அது என்பது அறிஞர் பலரின் கருத்து. மறுகரையில், சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில், தமிழர் எழுப்பிய சிவன் கோயிலின் தமிழ்க் கல்வெட்டு 1281ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

மண்வெட்டி, கத்தி, வட்டம்

சீனக் காசின் வரலாறு சோழியில் தொடங்குகிறது. பிறகு வெண்கலம் வந்தபோது, சோவ் அரசர் காலத்துச் சிற்றரசுகள் தத்தம் விருப்பப்படி காசுக்கு வடிவம் கொடுத்தன. நடுச் சமவெளியில் சிறு மண்வெட்டி வடிவம். கிழக்கே சி, யான் நாடுகளில் வளைந்த கத்தி வடிவம். பிடியின் நுனியில் கயிறு கோக்க வளையம். தெற்கே சூ நாட்டில் சோழியைப் போலவே சிறிய வெண்கலத் துண்டு. உழவுக் கருவியும் கத்தியும் பண்டமாற்றில் மதிப்பு பெற்றவை. அவற்றைச் சிறிதாக்கி, கூர்மை போக்கி, பணமாக்கிவிட்டார்கள்.

கி.மு. 221இல் சீனத்தை ஒன்றாக்கிய சின் பேரரசர் இந்த வடிவங்களை ஒழித்து, வட்டத்தின் நடுவே சதுரத் துளையிட்ட ‘பான் லியாங்’ காசை நாடு முழுவதற்கும் ஆக்கினார். ஹான் பேரரசர் வூ கி.மு. 118இல் ‘வூ சூ’ காசைக் கொண்டுவந்தார். சுற்றிலும் உயர்ந்த விளிம்பு வைத்தது அதன் சிறப்பு. விளிம்பைச் சுரண்டி உலோகம் திருடினால் உடனே தெரிந்துவிடும். இடையே வாங் மாங் என்ற அரசர் மண்வெட்டியையும் கத்தியையும் மீண்டும் கொண்டுவந்து, சில ஆண்டுகளுக்குள் பலமுறை காசை மாற்றிச் சந்தையைக் குழப்பி, கி.பி. 23இல் ஆட்சியையும் உயிரையும் இழந்தார். வூ சூ வகை மட்டும் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

621இல் தாங் அரசு ‘கையுவான் தோங்பாவ்’ காசை வெளியிட்டது. அதுவரை காசின் பெயர் அதன் எடையைச் சொன்னது. இனி நான்கு எழுத்துகள் கொண்ட வாசகம். விட்டம் சுமார் 24 மில்லிமீட்டர், பத்துக் காசு ஒரு லியாங் எடை. எழுத்தை எழுதிக் கொடுத்தவர் அக்காலத்தின் பெரும் எழுத்துக்கலைஞர் ஒயாங் சுன். அடுத்த பதின்மூன்று நூற்றாண்டுகளின் காசுகள் இந்த அச்சிலேயே சென்றன. ஜப்பான், கொரியா, வியட்நாம் நாடுகளும் இதையே பின்பற்றின.

சோங் அரசர்கள் ஆட்சிப்பெயரைக் காசில் பொறித்தார்கள். ஓர் அரசரே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆட்சிப்பெயரை மாற்றினார்; மாற்றியதும் புதுக் காசு. அதனால் சோங் காசில் வகைகள் ஏராளம். ஒரே காசு முத்திரை எழுத்தில் ஒன்று, வழக்கெழுத்தில் ஒன்று என்று இணையாகவும் வரும். பேரரசர் ஹுய்சோங் தம் கைப்பட எழுதிய மெல்லிய, நரம்பு போன்ற எழுத்துடன் வந்த ‘தாகுவான்’ காசைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். 1180க்குப் பிறகு தென் சோங் அரசு காசின் பின்புறத்தில் ஆட்சியாண்டின் எண்ணையே போட்டது. சுவான்சோ அருகே 1974இல் தோண்டியெடுத்த மரக்கப்பலில் இருந்த மிகப் புதிய காசின் பின்புறம் ‘ஏழு’ என்றிருந்தது. அது 1271ஆம் ஆண்டுக் காசு. கப்பல் மூழ்கியது அதற்குப் பின்புதான் என்று ஒரே எழுத்து சொல்லிவிட்டது.

இவற்றோடு சிச்சுவான் பகுதியின் இரும்புக் காசையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மதிப்போ சொற்பம், சுமையோ அதிகம். சந்தைக்குப் போவதே பாரம் தூக்கும் வேலையாகிவிட, வணிகர்கள் காசை ஒருவரிடம் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள். 1024இல் அரசே அந்தச் சீட்டை வெளியிட்டது. உலகின் முதல் அரசுக் காகிதப் பணம் பிறந்தது இந்த இரும்புச் சுமையால்தான்.

மிங், சிங் காலங்களில் வெண்கலம் போய்ப் பித்தளை வந்தது. வெள்ளீயத்தின் இடத்தில் துத்தநாகம். சிங் காசின் பின்புறத்தில் மஞ்சு எழுத்து இருக்கும். 1889இல் குவாங்துங்கில் இயந்திர அச்சு வந்த பிறகு வார்ப்புக் காசின் காலம் முடியத் தொடங்கியது.

வார்ப்பதா, அடிப்பதா?

நம் ஊர்க் காசும் சீனக் காசும் பார்த்தவுடன் வேறுபடுவதற்கு உலோகமே காரணம். பொன் மிருதுவானது, தட்டினால் விரியும், நசுங்கும், உடையாது. அளவாக நிறுத்த பொன் துண்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தால் காசு. சோழர் செப்புக்காசும் அப்படி அடித்ததுதான். ஈயம் கலந்த வெண்கலத்தை அப்படி அடித்தால் விரிசல் விடும். அதை உருக்கி ஊற்றத்தான் வேண்டும்.

சோங் வரலாற்றேடு ஆயிரம் காசுக்கான கலவையைப் பதிந்து வைத்திருக்கிறது. செம்பு 3 ஜின் 10 லியாங். ஈயம் 1 ஜின் 8 லியாங். வெள்ளீயம் 8 லியாங். 16 லியாங் சேர்ந்தது ஒரு ஜின். ஆக 58 பங்கு செம்பு, 24 பங்கு ஈயம், 8 பங்கு வெள்ளீயம். மொத்தம் 90 லியாங் உலோகம் உலைக்குள் போகிறது. வெளியே வரும் ஆயிரம் காசின் எடை 5 ஜின், அதாவது 80 லியாங். மீதிப் பத்து லியாங் புகையாகவும் கசடாகவும் அரத்தூளாகவும் போனது. விழுக்காட்டில் சொன்னால் செம்பு 64, ஈயம் 27, வெள்ளீயம் 9.

கால் பங்குக்கு மேல் ஈயம் எதற்கு? விலை மலிவு என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம் வார்ப்புக்காரரின் தேவை. தனிச் செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெள்ளீயம் அதைக் குறைக்கிறது. ஈயம் உருகிய கலவையைத் தண்ணீராய் ஓட வைக்கிறது. அரை மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தின் மூலைமுடுக்குகளிலும் உலோகம் போய் நிரம்புகிறது. ஆறியபின் ஈயம் செம்போடு கரைந்து கலப்பதில்லை. நுண்ணிய உருண்டைகளாகத் தனித்து நிற்கிறது. அடித்தால் உடைவதும் அதனால்தான்.

முதலில் கையால் செதுக்கிய மூலக்காசு, அதிலிருந்து தாய்க்காசுகள். தாய்க்காசுகளை நுண்மணலில் வரிசையாக அழுத்தி எடுத்து, நடுவே வாய்க்கால் கீறி, மேலே மற்றொரு மணற்பெட்டியைக் கவிழ்த்து உலோகத்தை ஊற்றுவார்கள். பெட்டியைத் திறந்தால் நடுத்தண்டும் இருபுறமும் காசுகளுமாக ஒரு மரம் போலிருக்கும். காசுகளை ஒடித்தெடுத்து, சதுரக் கம்பியில் நெருக்கமாகக் கோத்து, விளிம்புகளை ஒரே வீச்சில் அரத்தால் ராவுவார்கள். துளை வட்டமாக இருந்தால் காசு கம்பியில் சுழலும், அரம் பிடிக்காது. வானம் வட்டம், பூமி சதுரம் என்ற தத்துவ விளக்கமும் சீனத்தில் உண்டு. பட்டறைக்காரருக்கு அரம் நழுவாததே முக்கியம்.

செம்பை வெளியே தள்ளும் இரும்பு

ஆண்டுக்கு 500 கோடி காசுக்குச் செம்பு எங்கிருந்து வரும்? சுரங்கத் தாது போதவில்லை. அப்போது சீன உலோகத் தொழிலாளர்கள் கைக்கொண்ட வழி, கோலார் தங்கவயலின் வேதியியலுக்கு நெருங்கிய உறவு.

மயில்துத்தம் கலந்த நீலநிற ஊற்றுநீர் ஜியாங்சி மலைகளில் கிடைத்தது. அந்த நீரைத் தொட்டிகளில் தேக்கி, மெல்லிய இரும்புத் தகடுகளைப் போட்டு வைத்தார்கள். சில நாளில் இரும்பின் மேல் செந்நிறப் பொடி படிந்தது. அதைச் சுரண்டி உருக்கினால் செம்பு. இரும்பு செம்பைவிட வினைத்திறன் மிக்கது. அது கரைசலுக்குள் போய், செம்பை வெளியே தள்ளுகிறது. பள்ளி ஆய்வகத்தில் காப்பர் சல்பேட் கரைசலில் இரும்பாணி போட்டுப் பார்க்கும் அதே சோதனை. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசு இதைப் பெரிய அளவில் நடத்தியது.

கோலாரில் பாறையை மாவாக அரைத்தபின், பாதரசம் பிடித்தது போக எஞ்சிய தங்கத்தை சயனைடு கரைசலில் கரைத்தார்கள். கரைந்த தங்கத்தை மீட்கத் துத்தநாகச் சீவலைப் போட்டார்கள். துத்தநாகம் கரைய, தங்கம் கருமையான சேறாகப் படிந்தது. கலனும் உலோகமும் வேறு. நடப்பது ஒரே இடப்பெயர்ச்சி வினை. எண்ணூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு நாட்டார், நீரில் கரைந்திருந்த உலோகத்தை, மலிவான வேறோர் உலோகத்தைக் கொடுத்து மீட்டிருக்கிறார்கள். தங்கம் போக எஞ்சிய அரைமாவு, ராபர்ட்சன்பேட்டையைச் சுற்றி 3 கோடி டன்னுக்கு மேல் சயனைடு மேடுகளாக இன்றும் கிடக்கிறது.

81,800 சரம்

1077இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சோங் அரசவைக்குப் போனது. அனுப்பியவர் முதலாம் குலோத்துங்கன் என்பது பொதுவான கருத்து. அவர்கள் கொண்டுபோனவை கண்ணாடிப் பொருள்கள், கற்பூரம், யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, பன்னீர், பெருங்காயம், கிராம்பு முதலியன. பதிலுக்குச் சீனப் பேரரசர் கொடுத்தது 81,800 சரம் செப்புக்காசும், 52,000 லியாங் வெள்ளியும்.

சரம் ஒன்றுக்கு ஆயிரம் காசு என்றால் 8 கோடியே 18 லட்சம் காசு. நடைமுறையில் 77 காசையே நூறாகக் கணக்கிடும் வழக்கம் சோங் நாட்டில் இருந்தது. அப்படிப் பார்த்தாலும் 6 கோடியே 30 லட்சம். ஒரு காசு 3.2 கிராம் என்று கொண்டால் எடை 200 டன். கொரியாவின் சினான் கடற்கரையில் கண்டெடுத்த, 1323இல் ஜப்பானுக்குக் கிளம்பிய கப்பலில் 28 டன் காசு இருந்தது; எண்ணிக்கை சுமார் 80 லட்சம். சோழத் தூதருக்குக் கொடுத்தது அதைப் போல ஏழு மடங்கு. தூதர்கள் இத்தனையையும் கப்பலேற்றியிருக்க வாய்ப்பில்லை. பெரும்பகுதியை அங்கேயே பட்டும் பீங்கானுமாக மாற்றியிருப்பார்கள்.

எனினும் காசாகவே கொண்டுவருவதற்கு அந்த ஆண்டுகள் தோதானவை. செப்புக்காசு நாட்டைவிட்டுப் போவதற்கு இருந்த தடையை, அமைச்சர் வாங் அன்ஷியின் சீர்திருத்தம் 1074இல் நீக்கியிருந்தது. ஜாங் ஃபாங்பிங் என்ற அதிகாரி இதைக் கண்டித்தார். பத்துக் காசை உருக்கினால் ஒரு லியாங் செம்பு கிடைக்கும், அதைப் பாத்திரமாக்கினால் ஐந்து மடங்கு லாபம் என்பது அவர் சொன்ன கணக்கு. 1085இல் தடை மீண்டும் வந்தது. தடை இருந்தபோதும் கடத்தல் நிற்கவில்லை.

இங்கே வந்து என்ன ஆயிற்று?

அன்று கோலார்ப் பகுதி சோழர் ஆட்சியில், நிகரிலிச் சோழமண்டலத்துக் குவளால நாடாக இருந்தது. கோலாரம்மன் கோயிலில் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் பொன் நகைகளை ‘ஆடவல்லான்’ என்ற எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை கல்லில் வெட்டினார்கள். இப்படிப் பொன்னை நிறுக்கும் நாட்டில் எழுத்து புரியாத வெண்கலக் காசுக்கு என்ன வேலை?

சந்தைப் பணமாக அது இங்கே பரவலாக ஓடியதற்குத் தடயம் இல்லை. உலோகமாக அதற்குத் தேவை இருந்தது என்பது என் கணிப்பு. தென்னிந்தியாவில் பொன் கிடைத்த அளவுக்குச் செம்பு கிடைக்கவில்லை. மங்களூரில் 1132 முதல் 1149 வரை வாழ்ந்த யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜு அங்கே வெண்கலப் பட்டறை நடத்தினார். ஏடனிலிருந்து அவருக்குச் செம்பும் வெள்ளீயமும் உடைந்த பாத்திரங்களும் கப்பலில் வந்தன. பட்டறையில் அவை புதுப் பாத்திரங்களாயின. இதைச் சொல்லும் கடிதங்கள் கெய்ரோவில் கிடைத்தன. மேற்கே ஓட்டைப் பாத்திரம்கூடக் கடல் தாண்டி வந்த காலத்தில், கிழக்கிலிருந்து வந்த காசும் உலைக்குப் போயிருக்கும். புதைந்து தப்பியவைதான் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதைச் சோதிக்க வழி உண்டு. ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் வேறுபடும், உருக்கினாலும் மாறாது. தென்னிந்தியச் செப்புத்திருமேனிகளை இம்முறையில் விரிவாக ஆராய்ந்தவர் பெங்களூருவின் சாரதா சீனிவாசன். சோழர் படிமங்களில் பெரும்பாலானவை ஈயம் கலந்த வெண்கலம். ஆனால் பல காசுகளையும் பழைய பாத்திரங்களையும் ஒன்றாக உருக்கினால் விகிதங்களும் கலந்துவிடும். விடை எளிதில் கிடைக்காது. தேடும் இடம் மட்டும் தெரியும்.

1409இல் மிங் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கையின் காலியில் நட்ட கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் காணிக்கைகளை அடுக்குகிறது. அதன் சீனப் பகுதியில் பொன்னும் வெள்ளியும் எடையில்தான் வருகின்றன. உள்ளூரில் கோடிக்கணக்கில் காசு எண்ணிய சீனர்களும் பொன் என்று வந்தால் தராசைத்தான் எடுத்தார்கள்.

உங்கள் கையில் கிடைத்தால்

கடைவீதியில் சிவப்பு நூலில் கட்டி ஃபெங் சுயி என்று விற்கும் மூன்று காசுகள் சிங் காசின் இக்காலப் போலிகள். கூர்மையான விளிம்பும் பளபளப்பும் ஒரே மாதிரியான தேய்வும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் பழைய குளத்தங்கரையிலோ வீட்டு அஸ்திவாரத்திலோ சதுரத் துளைக் காசு தென்பட்டால், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தப் பச்சைக் களிம்பு போனால் எழுத்தும் அதோடு போகும். எந்த இடம், எவ்வளவு ஆழம், கூட என்ன இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் சொல்வது உங்கள் கடமை. கிடைத்த இடம் தெரியாத காசு வெறும் 3 கிராம் வெண்கலம். இடம் தெரிந்த காசுதான் வரலாறு.